மேடைப் பேச்சைக் கேட்கும் முறை: கடற்கரை மக்களுக்கு ஒரு கையேடு

அரசியல் தலைவர் ஒருவரின் பேச்சை இரண்டு முறை கேட்க வேண்டும். முதல் முறை கூட்டத்தில் நின்று, எல்லாரோடும் சேர்ந்து, கைதட்டத் தோன்றும் இடத்தில் தட்டிக் கேட்கலாம். அதில் தவறு ஒன்றுமில்லை. இரண்டாம் முறை வீட்டில் உட்கார்ந்து, கைப்பேசியில் பதிவானதை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு, நோட்டும் பென்சிலுமாகக் கேட்க வேண்டும். இந்தக் கையேடு அந்த இரண்டாம் முறையைப் பற்றியது.

நான் மண்டபம் பகுதியில் பல ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன். ஒரு தேர்தல் காலத்தில் எங்கள் ஊர் மீன் இறங்குதளத்துக்கு அருகே நடந்த கூட்டத்தில் பேச்சாளர் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். கூட்டம் பல முறை ஆர்ப்பரித்தது. எனக்கும் ஓரிடத்தில் கண் கலங்கியது. கலைந்து நடந்து வரும்போது, கருவாடு காயவைத்து விற்கும் பக்கத்துத் தெரு அக்கா என்னைப் பார்த்து, "நல்லாப் பேசினாரு சார். என்ன செய்யப் போறதாச் சொன்னாரு?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன். ஒரு வாக்கியம்கூட நினைவுக்கு வரவில்லை. இலக்கணம் கற்பித்துச் சம்பளம் வாங்கிய எனக்கு அந்தக் கேள்வி இன்றுவரை உறுத்துகிறது. அதன் பிறகு நான் பழகிக்கொண்டதும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் இளைஞர்களோடு உட்கார்ந்து செய்து பார்த்ததுமான முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

முழுப் பேச்சையும் எழுத வேண்டாம். உங்கள் ஊரையோ தொழிலையோ பேச்சாளர் தொடுகிற ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொண்டு, சொன்னதைச் சொன்னபடி, திரும்பத் திரும்பச் சொன்னது உட்பட எழுதுங்கள். ஒரு மணி நேரம் பிடிக்கும்; பிடிக்கட்டும். மறுநாள் செய்தித்தாளில் வரும் சுருக்கம் இதற்கு உதவாது, ஏனென்றால் "பார்க்கிறோம்" என்று மேடையில் சொன்னது அச்சில் "உறுதியளித்தார்" என்று மாறிவிடக் கூடும். கைதட்டல் விழுந்த இடங்களில் ஒரு நட்சத்திரக் குறியும், குரல் தாழ்ந்த இடங்களில் ஓர் அடிக்கோடும் போட்டுவையுங்கள். நான் எழுதிவைத்திருக்கும் தாள்களில் நட்சத்திரங்கள் பெரும்பாலும் எதுகை வந்து விழும் இடத்திலும் கேள்வி எழுப்பப்பட்ட இடத்திலுமே இருக்கின்றன. தொகையும் தேதியும் சொல்லப்பட்ட இடங்கள் அநேகமாக அமைதியாகவே கடந்துபோயிருக்கின்றன.

தாளின் தலைப்பில் நாளையும் இடத்தையும் குறிக்க மறக்க வேண்டாம், ஏனென்றால் அவையும் பேச்சின் பகுதிதான். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட நாள் இராம நவமி. பிரதமர் அன்று பேசிய ஊர் இராமேசுவரம். 2017இல் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் திறக்கப்பட்டது அவருடைய நினைவு நாளான ஜூலை 27இல். தமிழ்நாட்டு முதலமைச்சர் மீனவர் மாநாட்டில் பேசுவதற்கு 2023 ஆகஸ்டில் மண்டபத்துக்கு வந்தார். அதற்கு முந்தைய மாதம் பா.ஜ.க. தன் "என் மண் என் மக்கள்" நடைப்பயணத்தை இராமேசுவரத்தில் தொடங்கியது. இந்தக் கரைக்கு வந்து பேசுகிறவர்கள் இதன் கோயிலையும் கடலையும் எல்லையையும் தம் பேச்சுக்குத் துணையாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். 1897 ஜனவரியில் விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கி, சேதுபதி மன்னரின் வரவேற்பை ஏற்ற காலம் தொட்டே இது நடந்து வருகிறது.

நாம், நாங்கள், நீங்கள், அவர்கள்

இதுதான் இந்த முறையின் உயிரான பகுதி என்று நான் நினைக்கிறேன். கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் "நாம்" ஒன்று, கேட்பவரை விலக்கிச் சொல்லும் "நாங்கள்" ஒன்று என்று தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கணம் சொல்கிறது. ஆங்கிலத்தில் பேசுகிற தலைவருக்கோ இந்தியில் பேசுகிற தலைவருக்கோ இந்த இரண்டும் ஒரே சொல்லுக்குள் கலந்துவிடும். தமிழில் பேசுகிறவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். அந்தத் தேர்வில் அவருடைய கொள்கை வெளிப்பட்டுவிடும்.

எழுதிய தாளில் "நாம்", "நம்" வரும் இடங்களைப் பச்சையிலும், "நாங்கள்", "எங்கள்" வரும் இடங்களை நீலத்திலும், "அவர்கள்" வரும் இடங்களைச் சிவப்பிலும் வட்டமிடுங்கள். பல பேச்சுகளில் ஒரே ஓட்டத்தைக் காண்பீர்கள். துன்பம் வரும்போது "நாம்": நாம் வஞ்சிக்கப்பட்டோம், நம் உரிமை பறிபோனது. சாதனை வரும்போது "நாங்கள்": நாங்கள் கட்டினோம், நாங்கள் கொடுத்தோம். தவறு வரும்போது "அவர்கள்". கடைசியில், கடமை என்று வரும்போது "நீங்கள்": நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். துன்பத்தில் நம்மைச் சேர்த்துக்கொண்டவர், முடிவெடுக்கும் இடத்தில் நம்மைச் சேர்க்கிறாரா என்று பாருங்கள். "இந்தத் திட்டத்தை நாம் எப்படி அமைக்கலாம்" என்று மீனவர் சங்கங்களையும் உள்ளே வைத்துப் பேசும் மேடைப் பேச்சு, நான் எழுதிவைத்த தாள்களில் மிகக் குறைவு.

அடுத்து, ஒவ்வொரு பச்சை வட்டத்துக்குள்ளும் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். "நம் மீனவர்கள்" என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். விசைப்படகின் உரிமையாளர் அதற்குள் இருக்கிறார். அதே படகில் பங்குக்குப் போய், பிடிபட்டால் சிறையில் கிடக்கும் தொழிலாளி இருக்கிறார். நாட்டுப்படகுக்காரர், கரைவலை இழுப்பவர், மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரம் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் எல்லாரும் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் இவர்களுடைய நலன்கள் ஒன்றல்ல. கரையிலிருந்து 3 கடல் மைல் வரையிலான பகுதியை விசைப்படகு நுழையாமல் நாட்டுப்படகுக்கு ஒதுக்கிய 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும், பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற ஏற்பாடும், இந்த இரு தரப்புக்கும் இடையிலான பூசலின் விளைவுதான். மேடையில் "நம் மீனவர்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லும்போது அந்தப் பூசல் மறைந்துவிடுகிறது. மறைந்த பிறகு, "மீனவர் கோரிக்கை" என்று எது சொல்லப்படுகிறதோ அது சங்கமும் பணமும் குரலும் உள்ளவரின் கோரிக்கையாகவே இருக்கும். பாசி எடுக்கும் பெண்கள் தனியே பெயர் சொல்லப்பட்டார்களா என்பதை நான் எப்போதும் தனிக் குறியிட்டுப் பார்ப்பேன்.

விளியையும் இதோடு சேர்த்துக் கவனிக்கலாம். அண்ணா "தம்பி" என்று எழுதினார், கருணாநிதி "என் உயிரினும் மேலான அன்பு உடன்பிறப்புகளே" என்றார், எம்.ஜி.ஆர். "என் ரத்தத்தின் ரத்தமான" என்று தொடங்கினார். பெரியாரும் பொதுவுடைமை இயக்கத்தாரும் "தோழர்களே" என்றார்கள். உடன்பிறப்பு என்று அழைக்கப்பட்டவருக்கு அழைத்தவரிடம் பாசம் பிறக்கும். கணக்குக் கேட்பதில் சற்றுக் கூச்சமும் பிறக்கும். தோழர் என்ற விளியில் உறவை விடக் கொள்கைச் சம்மதமே முன்னால் நிற்கிறது. "நாம் தமிழர்" என்பதோ, ஒரு பிரதிப்பெயரையே கட்சியின் பெயராக்கிக்கொண்டது: 1958இல் ஆதித்தனார் வைத்த பெயர், 2010இல் சீமான் தொடங்கிய கட்சிக்கு மீண்டும் வந்தது. அந்த "நாம்" யாரைச் சேர்க்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்ற கேள்வியே அந்தக் கட்சியைப் பற்றிய வாதங்களின் மையமாகவும் இருந்து வருகிறது.

பெயர் வைத்தவுடன் பாதி வாதம் முடிந்துவிடும்

ஒரு பொருளுக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும்போது பேச்சாளர் எதை எடுக்கிறார் என்று பாருங்கள். நம் கண்ணெதிரே உள்ள எடுத்துக்காட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கிடக்கும் திட்டுகள். ஒருவர் "இராமர் பாலம்" என்பார். ஒருவர் "ஆதம் பாலம்" என்பார். ஒருவர் "மணல் திட்டு" என்பார். 2005 ஜூலையில் தொடங்கி வைக்கப்பட்டு, 2007இல் உச்ச நீதிமன்றத் தடைக்கு உள்ளான, அந்தத் திட்டுகளின் ஊடே கப்பல் கால்வாய் வெட்டும் சேது சமுத்திரத் திட்டத்தைப் பற்றிய பேச்சுகளைத் தேடிக் கேளுங்கள். முதல் பெயரைச் சொன்னவர் திட்டத்தை ஆதரிப்பது அரிது; மூன்றாம் பெயரைச் சொன்னவர் எதிர்ப்பது அரிது. கால்வாய் வெட்டினால் பாக் நீரிணையில் மீன் பாடு என்ன ஆகும், வெட்டிய மணலை எங்கே கொட்டுவார்கள் என்று கேட்ட கரையோர மக்களுக்கு அந்த மூன்று பெயர்களிலும் இடம் கிடைக்கவில்லை.

"மத்திய அரசு", "ஒன்றிய அரசு" என்பதும் அப்படிப்பட்ட இணை. இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்று அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பு சொல்வதைப் பிடித்துக்கொண்டு, 2021க்குப் பின் தி.மு.க. இரண்டாவது சொல்லை ஆட்சி வழக்காக்கியது. சொல்லின் பொருள் சட்டப்படி சரி. அதை அழுத்திச் சொல்வதில் மாநில உரிமைக் கொள்கை இருக்கிறது. இரண்டையும் ஒருசேர உணர்ந்துகொள்வதே நன்றாகக் கேட்பது.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. 1974இல் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் இலங்கையின் பக்கம் சென்ற கச்சத்தீவைப் பற்றிப் பேசும்போது எல்லாக் கட்சியினரும் "தாரைவார்த்தல்" என்ற சொல்லைக் கையாளுகிறார்கள். தாரைவார்ப்பது என்றால் கையில் நீர் ஊற்றித் தானம் கொடுப்பது. மகளைக் கன்னிகாதானம் செய்யும்போது நடப்பது. அந்த ஒரு சொல்லில் பல துணிபுகள் அடங்கியிருக்கின்றன: பொருள் கொடுத்தவருடையது, அது ஐயத்துக்கு இடமில்லாதது, கொடுத்தவர் விலை எதுவும் பெறவில்லை, கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இவை உண்மையாகவும் இருக்கலாம், வாதத்துக்கு உரியவையாகவும் இருக்கலாம். ஆனால் சொல்லை ஏற்றுக்கொண்டவுடன் இவற்றைச் சோதிக்கும் வாய்ப்பு போய்விடுகிறது. எதிர்ப்பக்கத்தில் "எல்லை வரையறை" என்ற அலுவலகச் சொல், கொடுத்ததே இல்லை என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது. இரண்டு சொற்களையும் தாளின் இருபுறமும் எழுதி, ஒவ்வொன்றும் எதை மறைக்கிறது என்று குறியுங்கள்.

வினைமுற்றின் வாலைப் பிடியுங்கள்

தமிழ் வினைமுற்றின் இறுதியில் செய்தவர் யார், எந்தக் காலம் என்பதெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே வாக்குறுதியை எடைபோட, வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பார்த்தால் போதும். "கட்டித் தருவோம்" என்பதில் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். "கட்டித் தரப்படும்" என்றால் பொறுப்பாளர் மறைந்துவிட்டார். "கட்ட நடவடிக்கை எடுக்கப்படும்" என்றால் கட்டடமும் மறைந்தது. நடவடிக்கை மட்டும் மிஞ்சியது. "பரிசீலிக்கப்படும்", "வலியுறுத்துவோம்", "குரல் கொடுப்போம்" என்று இறங்கிக்கொண்டே போகலாம். நான் மாணவர்களிடம் இவற்றை ஓர் ஏணி போல வரைந்து, ஒவ்வொரு வாக்குறுதியும் எந்தப் படியில் நிற்கிறது என்று குறிக்கச் சொல்வேன். செயப்பாட்டு வினை வந்தால், "யாரால்?" என்று பக்கத்தில் எழுத வேண்டும்.

பிறகு மூன்று எளிய கேள்விகள்: எவ்வளவு, எப்போதுக்குள், யாருடைய அதிகாரத்தில். 2023இல் மண்டபம் மாநாட்டில் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக அறிவித்த வாக்கியத்துக்கு முதலும் மூன்றும் உடனே விடை தரும். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்பது தெரிந்ததால் இரண்டாவதும் சோதிக்கத்தக்கது. 2017இல் ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து அறிவித்த ஆழ்கடல் மீன்பிடிப் படகுத் திட்டமும் அப்படிப்பட்டதே: படகுக்கு 80 இலட்சம் ரூபாய், அதில் பாதியை ஒன்றிய அரசும், ஐந்தில் ஒரு பங்கை மாநில அரசும் தரும், பயனாளி பத்தில் ஒரு பங்கைப் போட வேண்டும், மீதி வங்கிக் கடன், மூன்றாண்டில் 2,000 படகுகள். எண்ணும் காலமும் இருந்ததால்தான் அந்த இலக்கு எட்டப்படவில்லை என்று நம்மால் இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. 8 இலட்சம் ரூபாயைக் கையிலிருந்து போடவும் வங்கித் தவணை கட்டவும் எத்தனை பேரால் முடியும் என்றும் கேட்க முடிகிறது. "கச்சத்தீவை மீட்போம்" என்ற வாக்கியத்தில் காலம் இல்லை. அதிகாரமோ, வெளியுறவு என்பதால், ஒன்றிய அரசிடம் இருக்கிறது. 1991இலும் 2025 ஏப்ரலிலும் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மீட்கக் கோரித் தீர்மானம் போட்டது. தீர்மானத்தின் வினை "வலியுறுத்துகிறது" என்பதைத் தாண்ட முடியாது.

இந்த இடத்தில் 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அண்ணா சொன்னதை மாணவர்களுக்கு நான் தவறாமல் காட்டுவேன்: ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம். இயைபின் இனிமைக்குள்ளேயே வாக்குறுதியின் இரண்டு தரங்களைப் பிரித்து வைத்த பேச்சு அது. ஆட்சிக்கு வந்ததும் ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. கேட்டவர்கள் எதை வைத்து அவரைக் கணக்குக் கேட்கலாம் என்பதை அவரே சொல்லிக்கொடுத்திருந்தார்.

அணியைப் பழிக்க வேண்டாம்

சொல் அலங்காரம் வந்தாலே ஏமாற்று என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. கேட்டவரைப் பிணிக்கும் தன்மையும், கேளாதவரும் கேட்க விரும்பும் தன்மையும் சொல்லுக்கு வேண்டும் என்று சொல்வன்மை அதிகாரத்தில் வள்ளுவர் கேட்கிறார். மோனை, எதுகை, முரண், அடுக்கு, வினா ஆகியவை நினைவில் நிற்க வைக்கும் கருவிகள். "கடமை, கண்ணியம், கட்டுப்பாடு" இன்றும் நம் நாவில் இருப்பதற்கு முதலெழுத்து காரணம். ஜெயலலிதா "செய்வீர்களா? நீங்கள் செய்வீர்களா?" என்று கேட்டபோது கூட்டம் "செய்வோம்" என்றது, பதிலைக் கூட்டத்தின் வாயிலிருந்து வரவழைத்தால் அது கூட்டத்தின் முடிவாகவே தோன்றும். காமராசரோ அணியே இல்லாமல், "ஆகட்டும் பார்க்கலாம்" என்ற அளவில் பேசினார். அந்த எளிமையும் ஒரு நடைதான், அதற்கும் நம்மை நம்ப வைக்கும் ஆற்றல் உண்டு.

அணிக்குள் வாதம் இருக்கிறதா என்று மட்டும் தட்டிப் பாருங்கள். இந்தி பெரும்பான்மையோர் மொழி என்ற வாதத்துக்கு மாநிலங்களவையில் மறுமொழி சொன்ன அண்ணா, எண்ணிக்கைதான் அளவு என்றால் தேசியப் பறவையாக மயிலுக்குப் பதில் காக்கையை அல்லவா வைத்திருக்க வேண்டும் என்று கேட்டார். உவமையை உரித்தால் உள்ளே ஒரு முழுமையான தருக்கம் இருக்கிறது. "அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு" என்ற முழக்கத்தை உரித்தால் உறுதி இருக்கிறது, வழி இல்லை. 1963இல் கட்சி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டபோது, முழக்கத்தை விடக் கொள்கைக்கு நெகிழ்வு அதிகம் என்பது தெரிந்தது.

கொள்கையின் கதை, கதையின் மௌனம்

கொள்கை என்பது மேடையில் பெரும்பாலும் ஒரு கதையாகத்தான் வரும். நாம் ஒரு காலத்தில் உயர்ந்திருந்தோம், ஒருவர் வந்து கெடுத்தார், நாம் உறங்கினோம், இப்போது விழிக்கிறோம். இராமநாதபுரத்தில் விவேகானந்தர் தந்த மறுமொழி, நெடிய இரவு கழிகிறது என்றே தொடங்குகிறது. திராவிட இயக்கத்தார், தமிழ்த் தேசியர், இந்துத்துவர், பொதுவுடைமையர் என்று பலரும் அதே சட்டகத்தில் வெவ்வேறு பெயர்களை நிரப்புகிறார்கள். தாளில் நான்கு கட்டம் போட்டு, உயர்ந்திருந்தது யார், கெடுத்தது யார், உறங்கியது யார், எழுப்புவது யார் என்று நிரப்பினால், பேச்சாளர் எந்தக் கொள்கைக்காரர் என்று கட்சிக்கொடியைப் பார்க்காமலே தெரியும்.

கச்சத்தீவை அந்தக் கட்டங்களில் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு அது தில்லி தமிழனைக் கேட்காமல் செய்த அநீதி. ஒருவருக்கு அது காங்கிரசு நாட்டின் மண்ணை விட்டுக்கொடுத்ததும், தி.மு.க. அதற்கு உடன்பட்டதும். ஒருவருக்கு அது ஈழத்தமிழர் துயரத்தோடு சேர்ந்த இன உரிமைப் பிரச்சினை. 285 ஏக்கர் தீவு ஒன்று, கதைகள் மூன்று; மூன்றிலும் கடலடியை வாரி இழுக்கும் விசைப்படகின் இழுவைமடி வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பேச்சின் மௌனத்தைக் கேட்பது கடினம், ஆனாலும் கற்றுக்கொள்ள வேண்டியது. இலங்கைத் தமிழரைத் "தொப்புள்கொடி உறவு" என்று சொல்லும் பேச்சிலேயே, சற்று நேரத்தில், இலங்கைக் கடற்படையின் கொடுமை வரும். இரண்டுக்கும் நடுவே இன்னொருவர் நிற்கிறார்: யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சிறு படகில் வலை போடும் தமிழ் மீனவர். 1983 முதல் 2009 வரை போரின் கட்டுப்பாடுகளால் கடலை இழந்து, திரும்பி வந்தபோது, தம் வலைகளை அறுத்துக்கொண்டு போகும் இழுவைப்படகுகளைக் கண்டவர் அவர். இலங்கை 2017இல் இழுவைமடியைத் தடை செய்ததற்குப் பின்னால் அவருடைய போராட்டமும் இருக்கிறது. நம் பக்கத்துக் கைதுகளும், பறிமுதலான படகுகளும், சுடப்பட்ட உயிர்களும் உண்மையான துயரங்கள். அந்த வீடுகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவற்றைச் சிறிதாக்க எனக்கு மனம் வராது. ஆயினும் அந்தத் தமிழ் மீனவரை ஒரு வாக்கியத்திலாவது பேசாத பேச்சு, கைதுக்குக் காரணத்தைச் சொல்லாமல் கைதைப் பற்றி மட்டும் பேசுகிறது. அதைக் கேட்டுவிட்டு மறுபடி அதே கடலுக்குப் போகிறவன் எங்கள் ஊர்ப் பையன். இதை எந்தக் கட்சி மேடையிலும் நான் போதுமான அளவு கேட்டதில்லை.

மேடையையும் ஆவணத்தையும் சேர்த்து வையுங்கள்

கடைசியாக, ஒரே தரப்பு வெவ்வேறு இடங்களில் சொன்னதைத் தேதியோடு அடுக்குங்கள். 1974 ஜூன் ஒப்பந்தத்தின் 5ஆம் உறுப்பு இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போல் கச்சத்தீவுக்கு விசாவின்றிப் போய்வரலாம் என்கிறது. 6ஆம் உறுப்பு இரு நாட்டுக் கலங்களும் ஒன்று மற்றதன் கடலில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடரலாம் என்கிறது. வலை உலர்த்துவது பற்றி மேடையில் அடிக்கடி கேட்கிறோம். அந்தச் சொல் உறுப்பில் இல்லை. மீன்பிடிப்பைத் தடுத்தது, 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்கள். அப்போது தமிழ்நாட்டில் ஆட்சி கலைக்கப்பட்டு குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது. ஒரு பேச்சாளர் 1974ஐ மட்டும் சொல்லி 1976ஐ விட்டால், ஏன் விட்டார் என்று கேளுங்கள்.

2014இல் ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞர் கச்சத்தீவைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் போர்தான் தொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். 2015இல் வெளியுறவு அமைச்சகம், தகவல் உரிமைச் சட்டப்படி அளித்த பதிலில், அந்தப் பகுதி முன்பு வரையறுக்கப்படாதது என்பதால் நிலம் பெறுதலோ விட்டுக்கொடுத்தலோ இதில் இல்லை என்றது. 2024 மக்களவைத் தேர்தலின்போது அதே அரசின் தலைவர்கள் விட்டுக்கொடுத்ததாகப் பேசினார்கள். மறுபக்கத்தில், 1974 உடன்பாடு குறித்து அன்றைய முதலமைச்சருக்கு வெளியுறவுச் செயலர் முன்கூட்டியே விளக்கியதாகச் சொல்லும் ஆவணங்கள் அதே 2024இல் வெளியாயின. எங்களைக் கேட்காமல் கொடுத்தார்கள் என்ற பேச்சை அவற்றோடு வைத்துப் படிக்க வேண்டும். காங்கிரசு பேச்சாளர் வந்தால், ஒப்பந்தம் போட்டது எந்த ஆட்சி என்பதை அவர் எத்தனையாவது நிமிடத்தில் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த கட்சியின் பேச்சை முதலில் இந்தச் சோதனைக்கு உட்படுத்துங்கள். எனக்கும் அதுதான் கடினமாக இருந்தது, அதில்தான் அதிகம் கற்றேன்.

இத்தனையும் செய்த பின் தாளின் கீழே ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். அது பதில் சொல்பவரின் அதிகாரத்துக்கு உட்பட்டதாக, ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு தேதி என்றோ பதில் வரக்கூடியதாக இருக்கட்டும்: இழுவைமடியிலிருந்து மாற விரும்பும் தொழிலாளிக்கு, படகு உரிமையாளரல்லாதவருக்கு, உங்கள் திட்டத்தில் என்ன தொகை, எந்த மாதத்திலிருந்து? வாக்குக் கேட்டு வீட்டுக்கு வரும்போதோ, கிராமசபையிலோ, சங்கக் கூட்டத்திலோ மரியாதையோடு கேளுங்கள். கிடைத்த பதிலை, வினைமுற்று மாறாமல், அதே தாளில் எழுதித் தேதியிடுங்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமை நோட்டில் இப்போது கருவாட்டுக்கார அக்காவின் கேள்வியும் ஒரு பக்கத்தில் இருக்கிறது. போன முறை வாக்குக் கேட்டு வந்தவரிடம் அதை அவரே கேட்டார். எதிரே கிடைத்த பதில் "பேசிட்டுச் சொல்றோம்மா". அதன் பக்கத்தில் தேதியும், "யாரிடம் பேசி?" என்ற வினாவும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன.